அக்தர் பேகம் நடக்க இடம் கேட்டார்

மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்தால் எங்கள் ஊருக்கு வரலாம். ஊரின் பெயர் வேண்டாம். சொன்னால் அப்போது பஞ்சாயத்து பிரசிடெண்டாக இருந்தவர் என் மேல் கேஸ் போடுவார். அவருடைய மச்சான் வக்கீல்.

எங்கள் ஊரில் ஒரு பூங்கா இருக்கிறது. அது வருவதற்கு முன்னால் ஊர் நடந்தது. வந்த பிறகு உட்கார்ந்துவிட்டது. இதைச் சொன்னால் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். பூங்கா வந்தால் ஜனங்கள் நடக்கத்தானே செய்வார்கள் என்கிறார்கள். அக்தர் பேகத்துக்கு என்ன நடந்தது என்று கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

பூங்கா இருக்கும் இடம் முன்பு வண்டிப்பேட்டை. நான் மாட்டுவண்டிக்காரர் சங்கத்தில் வேலை செய்தவன், அந்த மண்ணில் எத்தனையோ கூட்டம் போட்டிருக்கிறேன். சந்தை நாளில் கடத்தூர்ப் பக்கமிருந்தும் இண்டூர்ப் பக்கமிருந்தும் வண்டிகள் வந்து நிற்கும். மற்ற நாளெல்லாம் வெறும் பொட்டல். அதற்கு ஒரு பக்கம் பஸ் ரோடு. எதிர்ப்பக்கம் பட்டறைத் தெரு. தகரம் அடிப்பவர்கள், மாட்டுக்கு லாடம் கட்டுபவர்கள், மெத்தை தைப்பவர்கள் என்று முஸ்லிம் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் தெரு. அவர்களுக்கு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், காய்கறிக் கடை எல்லாம் பொட்டலுக்கு அந்தப் பக்கம். குறுக்கே நடந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். சாயங்காலம் பையன்கள் சடுகுடு ஆடுவார்கள், பெண் பிள்ளைகள் பாண்டி ஆடுவார்கள். உடற்பயிற்சி என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. இடம் இருந்தது, கால் போனது. அவ்வளவுதான்.

அக்தர் பேகம் அந்தத் தெருவில் டிரங்குப் பெட்டி செய்யும் கவுஸ் பாஷாவின் மனைவி. நாற்பதைத் தொடும் வயது. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். கவுஸ் பாஷா நாளெல்லாம் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பவர், காது பாதி போய்விட்டது. அதனால் அவரிடம் பேசிப் பேசியே தன் குரல் இப்படி ஆயிற்று என்பார் அந்த அம்மாள்.

அறுபத்தாறில் அவருக்குத் தலைசுற்றல் வந்தது. தாகம் அடங்கவில்லை. ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் தெரசா என்று ஒரு அம்மா இருந்தார். கண்ணாடிக் குழாயில் சிறுநீரை நீல மருந்தோடு விட்டுச் சூடு காட்டினார். செங்கல் நிறம் வந்தது. செங்கல் நிறம் என்றால் சர்க்கரை முற்றியிருக்கிறது, பச்சை என்றால் அடங்கியிருக்கிறது. மாத்திரை கொடுத்தார், சோற்றைக் குறைக்கச் சொன்னார், தினமும் நடக்கச் சொன்னார்.

அடுப்புக்கும் கிணற்றுக்கும் நடந்துகொண்டுதானே இருக்கிறேன் என்றார் அக்தர் பேகம். அது வேலை, நான் சொல்வது நடை என்றார் டாக்டர். நிற்காமல், வேர்க்கிற மாதிரி, ஒரு வேலையும் இல்லாமல்.

வேலை இல்லாமல் ஒரு பெண்பிள்ளை தெருவில் நடப்பதாவது? அங்கேதான் சிக்கல். எங்கே போறே என்று கேட்காத வாய் எங்கள் ஊரில் கிடையாது. கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டும். சும்மா நடக்கிறேன் என்று சொன்னால், மறுநாள் பள்ளிவாசல் வரைக்கும் பேச்சுப் போகும். ஆகவே அக்தர் பேகம் ஒரு பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டார். விடிகிற நேரத்தில் புர்காவும் குடமுமாக வண்டிப்பேட்டையைச் சுற்றினார். யாராவது பார்த்தால் தண்ணீருக்குப் போகிறார் என்று நினைப்பார்கள்.

பார்த்தது கோவிந்தம்மாள். பக்கத்துக் குடியானத் தெரு, வீட்டில் எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர். இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு வழிமறித்தார்.

"ஏம் பேகம்மா, காலிக் கொடத்தோட எதுக்க எதுக்க வர்றீங்களே. மாடு புடிக்கப் போறவன் பாத்தா வூட்டுக்குத் திரும்பிடுவான். பாதிக்காவது தண்ணி ஊத்திக்குங்க."

"பாதித் தண்ணியோட சுத்தினா இடுப்பு போயிடுமே கோவிந்தம்மா."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. கொடத்த எங்கிட்ட குடுங்க. ஒரு சுத்து நீங்க, ஒரு சுத்து நானு."

அப்படித்தான் ஆரம்பித்தது. கோவிந்தம்மாளுக்கு வியாதி ஒன்றும் இல்லை. மாமியாரிடமிருந்து கொஞ்ச நேரம் தப்பித்தால் போதும். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். ஆள் சேர்ந்ததும் குடம் தேவைப்படவில்லை. விடியற்காலையில் இந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டு சுற்றுவதை, சந்தை நாளில் வண்டியில் படுத்திருந்த எங்கள் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். யாரும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஒரு வருஷத்துக்குள் டாக்டர் தெரசாவின் குழாயில் நிறம் பச்சைக்கு வந்துவிட்டது.

அறுபத்தொன்பதில் பிரசிடெண்ட் பெங்களூர் போய் வந்தார். அங்கே ஏதோ ஒரு பூங்காவைப் பார்த்திருக்கிறார். நம்ம ஊருக்கும் அதுபோல ஒன்று வேண்டும் என்றார். வண்டிகளை ஊருக்கு வெளியே ஏரிக்கரைக்கு விரட்டினார்கள். எங்கள் சங்கம் கத்தியது, அது வேறு கதை. ஆனால் பட்டறைத் தெருவுக்குச் சந்தோஷம். சாணி நாற்றம் போகும், பூச்செடி வரும், நிழல் வரும். யாருக்குத்தான் வேண்டாம்?

பெண்களுக்கு ஒரே ஒரு கவலை. பூங்கா என்றால் ஊர் ஆம்பிளைகள் எல்லாம் வந்து உட்காருவார்கள். உட்கார்ந்தால் எதிரில் பட்டறைத் தெரு வாசல்கள். வாசலில் பாத்திரம் துலக்க முடியாது, நடக்க முடியாது. ஆகவே எங்கள் பக்கம் சுவரை உயரமாகக் கட்டுங்கள் என்று கேட்டார்கள். முதலில் கேட்டது அக்தர் பேகம்தான். இதை அவர் எப்போதும் மறைத்ததில்லை. ஜமாத் தலைவர் அப்துல் ரஷீத், மண்டி வைத்திருப்பவர், அதைப் பிரசிடெண்டிடம் கொண்டுபோனார்.

அந்தத் தெரு தண்ணீர்க் குழாய் கேட்டிருக்கிறது. சாக்கடை கேட்டிருக்கிறது. கம்பத்தில் விளக்கு கேட்டிருக்கிறது. எதுவும் வரவில்லை. சுவர் கேட்டார்கள், ஒரே மாதத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றது. உச்சியில் கண்ணாடிச் சில்லும் பதித்தார்கள். அடைக்கச் சொன்னால் மட்டும் அரசாங்கத்துக்கு எங்கிருந்து அந்தச் சுறுசுறுப்பு வருகிறது என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன்.

முதல் வரைபடத்தில் பட்டறைத் தெருப் பக்கம் ஒரு சின்ன வாசல் இருந்தது. ஓவர்சியரே பின்னால் என்னிடம் சொன்னார். சுவர் கேட்கிறார்கள் என்றால் வாசல் எதற்கு என்று பிரசிடெண்ட் அதை எடுத்துவிட்டார். கேட்டவர்களைக் கூப்பிட்டு, அம்மா, கதவு வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்துல் ரஷீத் பாயும் கேட்கவில்லை. பெண்கள் கேட்டது மறைப்பு. இவர்கள் இருவரும் சேர்ந்து கட்டியது அடைப்பு.

பூங்கா திறந்தது. பஸ் ரோட்டுப் பக்கம் வளைவு வைத்த கேட். அந்தப் பக்கம்தானே மந்திரி கார் வந்து நிற்க முடியும். சாயங்காலம் மட்டும் திறப்பார்கள். உள்ளே சிமெண்டு பெஞ்சு, ரேடியோ, சுற்றிலும் செம்மண் பாதை. புல்லில் கால் வைக்கக் கூடாது, பந்து விளையாடக் கூடாது, ஓடக் கூடாது என்று போர்டு. சடுகுடு ஆடிய பையன்கள் சினிமாக் கொட்டகை மதகில் போய்க் குந்தினார்கள். பாண்டி ஆடிய பெண் பிள்ளைகள் வீட்டுக்குள் போனார்கள். உள்ளே வந்ததெல்லாம் வேட்டி வெளுத்தவர்கள், ரேடியோவில் நியூஸ் கேட்க. ஊரையே ஓடவைத்த இடத்தில் நாலு பேரை உட்காரவைத்துவிட்டு அதற்குப் பெயர் முன்னேற்றம்.

சுவருக்கும் பட்டறைத் தெரு வீடுகளுக்கும் நடுவே ஒரு வண்டி போகும் அகலத்துக்குச் சந்து மிஞ்சியது. ஆள் நடமாட்டம் இல்லை, ரோட்டிலிருந்து பார்க்கக் கண் இல்லை. பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லாம் சுவரோரம்தான் ஒதுங்கினார்கள். ஓட்டல் எச்சிலையைக் கொட்டினார்கள். பன்றி வந்தது. ஆஸ்பத்திரிக்கோ கடைக்கோ போக வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு, கிளீனர்களின் கேலியைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். பெண்கள் போவதைக் குறைத்தார்கள். விடியற்கால நடை நின்றுபோனது. கோவிந்தம்மாளுக்கு மட்டும் வயலுக்குப் போக வர வழி இருந்தது. பட்டறைத் தெருக்காரிகளுக்கு அதுவும் இல்லை.

எழுபத்தொன்றில் டாக்டர் தெரசாவின் குழாயில் மறுபடியும் செங்கல். ஏன் நடக்கவில்லை என்று டாக்டர் சத்தம் போட்டார். எங்கே நடப்பது என்று அக்தர் பேகம் திருப்பிக் கேட்டார். வீட்டு முற்றத்தில் நடந்து பார்த்தார். கவுஸ் பாஷாவின் தகரங்கள் இடித்தன. கடைசியில் வேறு வழியில்லாமல் அந்தச் சந்திலேயே நடந்தார். சுவர் உச்சியிலிருந்து உதிர்ந்த கண்ணாடிச் சில் ஒன்று தேய்ந்த செருப்பைத் துளைத்து ஏறியிருக்கிறது. சர்க்கரைக் காலுக்கு வலி தெரியாது. தெரிந்தபோது பாதம் கறுத்திருந்தது. சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். காலைக் காப்பாற்ற வேண்டுமானால் சர்க்கரை இறங்க வேண்டும், சர்க்கரை இறங்க வேண்டுமானால் நடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இல்லாவிட்டால் அடுத்தமுறை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும்.

ஊர் திரும்பியதும் அப்துல் ரஷீத் பாய் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். நான் கவுஸ் பாஷாவோடு உட்கார்ந்திருந்தேன். அல்லா ஒரு கண்டத்தைக் கழித்துவிட்டான், இனி வீட்டோடு ஓய்வாக இருங்கள் என்றார் பாய். அந்த அம்மாள் பழத்தை வாங்கவில்லை. சுவரில் கதவு வைக்கச் சொல்லுங்கள் என்றார்.

பாய்க்குக் கோபம். "சொவரு கேட்டது நீங்கதானேம்மா. இப்ப அத இடின்னா பிரசிடெண்டு மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"நாந்தான் கேட்டேன் பாய். இல்லன்னு சொல்லல. உங்க வூட்டுக்கும் சொவரு இருக்குது. அத வாசல் வெக்காமயா கட்டியிருக்கீங்க?"

பாய் பழத்தை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் ரத்தத்தை இன்றைக்கும் கொதிக்கவைக்கிறது. கதவு கேட்டு மனு கொடுத்தோம். பிரசிடெண்ட் சொன்னார்: அது அவங்க சமூகத்து விஷயம், ஜமாத் ஒப்புக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஜமாத் தலைவர் சொன்னார்: பூங்கா பஞ்சாயத்து சொத்து, பிரசிடெண்ட் செய்தால் நாங்கள் தடுக்க மாட்டோம். ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். இரண்டு கையும் சுத்தம். நடுவில் ஒரு பெண்ணின் கால் அழுகிக்கொண்டிருந்தது.

ஆர்ப்பாட்டம் வைக்கலாம் என்றேன். கொடி, மைக், கோஷம் எல்லாம் தயார். அக்தர் பேகம் வேண்டாம் என்றார்.

"கொடி புடிச்சா அது உங்க ஊர்வலம் ஆயிடுங்க. ஒரு நாள்ல முடிஞ்சிடும். எனக்குத் தெனமும் நடக்கணும். இந்த ஊர்ல நல்ல ரோடு எங்க இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

ஊரில் நல்ல ரோடு ஒன்றுதான் இருந்தது. தார் போட்டது, இரண்டு பக்கமும் வேப்ப மரம், கம்பத்துக்குக் கம்பம் விளக்கு, தினமும் பெருக்குவார்கள். பிரசிடெண்டின் வீடு இருக்கும் ரோடு. வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் அதே ரோடுதான். பட்டறைத் தெருவிலிருந்து குடியானத் தெரு வழியாகப் போனால் பஸ் ஸ்டாண்டைத் தொடவே வேண்டாம்.

எழுபத்திரண்டு கார்த்திகையில், பனி இறங்கும் காலையில், டயர் செருப்பை மிதித்துக்கொண்டு அக்தர் பேகம் அங்கே போனார். கவுஸ் பாஷாவே பாதத்தின் அளவுக்கு வெட்டித் துணி வைத்துத் தைத்த செருப்பு. கூடவே கோவிந்தம்மாள். பின்னால் பழைய பெண்கள், அவர்களுக்குப் பின்னால் புதிய பெண்கள். பிரசிடெண்ட் வீட்டை ஒரு சுற்று சுற்றினார்கள். பிறகு இன்னொரு சுற்று.

முதல் நாள் வாயில் வேப்பங்குச்சியோடு நின்ற பிரசிடெண்ட் சும்மா பார்த்தார். வாரம் போனது. ஊர் பேச ஆரம்பித்தது. பிரசிடெண்டு வூடு கோயிலாயிடுச்சு, பிரகாரம் சுத்தறாங்க, எப்பப்பா கும்பாபிஷேகம் என்று டீக்கடையில் கேட்டார்கள். அவர் வீட்டு அம்மாவுக்கு வேறு பயம். இத்தனை பெண்கள் சேர்ந்து சுற்றினால் கடைசியில் மண்ணை வாரித் தூற்றி விடுவார்களோ என்று. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். வந்த மாப்பிள்ளை வீட்டார் இது என்ன கூட்டம் என்று கேட்டிருக்கிறார்கள்.

ஏட்டை அனுப்பினார்கள். ஏட்டு சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, ஊர்வலம் போக பர்மிஷன் இருக்கிறதா என்று அதட்டினார். ஊர்வலம் இல்லை, டாக்டர் நடக்கச் சொன்னார், நடக்கிறோம் என்றார்கள்.

"அதுக்கு இங்கதான் நடக்கணுமா? வேற எங்கியாவது போய் நடங்கம்மா."

"எங்கன்னு சொல்லுங்க ஏட்டய்யா" என்றார் அக்தர் பேகம். "இப்பவே போறோம்."

ஏட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பார்த்தார், ஏரிக்கரைப் பக்கம் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஓரமா நடங்க, வண்டி வரும் என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

அடுத்து வந்தது அப்துல் ரஷீத் பாய். பிரசிடெண்ட் அவரைத்தான் நெருக்கியிருக்கிறார்: உங்க ஜமாத்துப் பொம்பளைங்களை நீங்க அடக்கலைன்னா யார் அடக்குவாங்க? பாய் ரோட்டின் நடுவில் கையை விரித்து நின்றார். குடும்பத்துப் பெண்கள் தெருத் தெருவாகச் சுற்றுவது மார்க்கத்துக்கு அடுக்குமா, புருஷன்மார்கள் கண்டிக்க வேண்டாமா என்று ஆரம்பித்தார். அரை டஜன் கறுப்பு புர்காக்கள் அவர் முன்னால் நின்றன. அதில் ஒன்றிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"வெயிலு ஏறுதுங்க. வூட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம், வழிய வுடுங்க."

அது அவர் மனைவி ஷகிலாவின் குரல். முழங்கால் வலிக்கு நல்லது என்று இரண்டு வாரமாக வந்துகொண்டிருந்தார். விடிவதற்கு முன்னால் பாய் சுபுஹு தொழுகைக்குப் பள்ளிவாசல் போனதும் கிளம்பிவிடுவார். விரித்த கையை என்ன செய்வது என்று பாய்க்குத் தெரியவில்லை. கோவிந்தம்மாள் அந்தக் கைக்கு அடியிலேயே குனிந்து போனார். மற்றவர்களும் போனார்கள்.

ஜமாத்தின் சம்மதம் அந்த வாரமே எழுத்தில் வந்தது. இத்தனை நாளும் அது எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். பாய் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

பிரசிடெண்ட் அப்போதும் ஒரு பேரம் பேசினார். காலையிலும் கேட்டைத் திறக்கச் சொல்கிறேன், பஸ் ரோட்டு வழியாகவே வரட்டும், நல்ல சுவரை ஏன் இடிக்க வேண்டும் என்றார். அந்த வழிக்குப் பயந்துதான் மூன்று வருஷம் வீட்டில் கிடந்தோம், கதவு பின்னால்தான் வேண்டும், அதுவரைக்கும் உங்கள் ரோடே எங்களுக்கு வசதியாக இருக்கிறது என்று பதில் போனது. எழுபத்துமூன்று பொங்கல் கழித்து இரண்டு கொத்தனார்கள் வந்து சுவரை உடைத்தார்கள். அரை நாள் வேலை. ஒரு பெண்ணின் இரண்டு விரலை விழுங்கிய சுவர், அரை நாளில் விலகியது.

கதவு வந்ததும் சந்தும் மாறியது. ஆள் வரப் போக, ஒதுங்குகிறவர்கள் ஓடினார்கள். காலையில் வாட்ச்மேன் ஆண்டி திறந்துவிடுவார். பெண்கள் செம்மண் பாதையில் சுற்றினார்கள். ஓடக் கூடாது என்ற போர்டு கொஞ்ச நாளில் காணாமல் போயிற்று; யார் எடுத்தது என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். பெண் பிள்ளைகள் ஓடினார்கள். டாக்டர் தெரசா மாற்றலாகிப் போவதற்குள் குழாயில் பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு சூடாக எழுத மாட்டேன்.

எழுபத்தைந்து உலக மகளிர் ஆண்டு. விழா எடுக்க வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு. பிரசிடெண்ட் பூங்காவில் விழா வைத்தார். நோட்டீஸ் அடித்தார்கள்: பெண்களின் நலனுக்காகப் பூங்காவில் தனி வாசல் தந்த தலைவர். தந்தாராம். அக்தர் பேகத்துக்குப் பொன்னாடை போர்த்துவதாகவும் நோட்டீஸில் இருந்தது. அவரிடம் கேட்காமலே அடித்திருந்தார்கள், எப்போதும் போல.

விழாவுக்கு முந்தின நாள் விடியற்காலையில் பெண்கள் நடக்க வந்தால் பாதையை மறித்துப் பந்தல் நிற்கிறது. செம்மண் பாதையில் வரிசையாகக் குழி தோண்டிக் கம்பம் நட்டிருக்கிறார்கள். புல்லில் கம்பம் நடக் கூடாதாம், புல் கெட்டுவிடுமாம். அக்தர் பேகம் கதவிலேயே நின்றார். விழாவுக்குக் கூப்பிட வந்த பஞ்சாயத்து கிளார்க்கிடம் ஒரே பேச்சுதான்.

"பந்தலப் பிரிச்சப்புறம் வர்றேன்னு சொல்லுங்க தம்பி. நடக்கற எடத்துல கம்பம் நட்டுட்டு யாருக்கு சால்வை?"

விழா அவர் இல்லாமலே நடந்தது. பொன்னாடையை யாருக்கோ போர்த்தினார்கள். பேசியவர்கள் எல்லாம் பெண்ணின் பெருமையைப் பேசினார்கள். பந்தல்காரர்கள் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு, குழியை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். பஞ்சாயத்திலிருந்து ஒரு கூடை மண் வரவில்லை. வலி தெரியாத காலை வைத்துக்கொண்டு ஒருத்தர் அந்தப் பாதையில்தான் தினமும் நடக்கிறார் என்று அத்தனை பேருக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் நான் சந்து வழியாகப் போனேன். கதவு திறந்திருந்தது. கோவிந்தம்மாள் வயல் மண்வெட்டியால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஷகிலா கூடையில் அள்ளிக் கொட்டினார். அக்தர் பேகம் மூடிய குழி ஒவ்வொன்றின் மேலும் நல்ல காலை வைத்து மிதித்துப் பார்த்தார். அழுந்தினால் இன்னும் போடச் சொன்னார். கடைசிக் குழியும் இறுகியது. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு மூன்று பேரும் நடக்க ஆரம்பித்தார்கள்.